இரண்டு டாலர் பதின்மூன்று சென்ட்

அந்தச் சம்பளச் சீட்டை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. வரித் தாள்கள் வைக்கும் அட்டைப்பெட்டியில், 2013-ஆம் ஆண்டு உறைக்குள் நான்காக மடித்துக் கிடக்கிறது. வேலை செய்த நேரம் 58 மணி. மணிக்கூலி 2.13 டாலர். மொத்தம் 123.54. அதற்குக் கீழே வரிப் பிடித்தங்கள் வரிசையாக இருக்கும். கடைசிக் கட்டத்தில், கைக்கு வர வேண்டிய தொகை என்ற இடத்தில், 0.00.

இரண்டு வாரம் காலில் நின்று வேலை பார்த்ததற்கு முதலாளி எனக்குத் தந்த சம்பளம் அதுதான். அதில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. டெக்சஸில் உணவகத்தில் பரிமாறுபவருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் சட்டப்படி போதும். மீதியை வாடிக்கையாளர் டிப்ஸாகத் தந்துவிடுவார் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. அந்த டிப்ஸுக்கும் வரி உண்டு. அந்த வரியைச் சம்பளத்திலிருந்துதான் பிடிப்பார்கள். பிடித்து முடித்தபோது என் சம்பளம் தீர்ந்துபோயிருந்தது.

திருமணமாகி, பச்சை அட்டையோடு 2012-இல் டாலஸுக்கு வந்தவள் நான். கையிலிருந்த பட்டம் அங்கே உடனே எதற்கும் உதவவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அமெரிக்க உணவகத்தில் சர்வர் வேலை கிடைத்தது. இரண்டரை ஆண்டுகள் அங்கே இருந்தேன். பிறகு கணவருக்கு சியாட்டில் பக்கம் வேலை மாறியது. அங்கேயும் இரண்டு ஆண்டுகள் அதே வேலைதான் செய்தேன். இப்போது வேறு துறையில் இருக்கிறேன். ஆனாலும் எந்த உணவகத்துக்குப் போனாலும் என் கண் முதலில் தேடுவது மேசைக்கு வருபவரின் காலணியைத்தான். தேய்ந்த அடிப்பாகத்தை வைத்து எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

போன மாதம் நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் டிப்ஸ் பற்றிப் பேச்சு வந்தது. நம்மவர்கள் கூடும் இடத்தில் இது அடிக்கடி வரும் பேச்சு. "காபிக் கடையில் ஒரு ரொட்டியை எடுத்துக் காகிதப் பையில் போட்டுத் தருகிறார்கள், பணம் கட்டும் திரையைத் திருப்பி 18, 20, 25 சதவீதம் டிப்ஸ் என்று காட்டுகிறார்கள், எதற்கு?" என்று ஒருவர் கேட்டார். "முதலாளி தர வேண்டிய சம்பளத்தை நான் ஏன் தர வேண்டும்?" என்றார் இன்னொருவர். "நான் பத்து சதவீதத்துக்கு மேல் வைப்பதே இல்லை. கொள்கை" என்று மூன்றாமவர் முடித்துவைத்தார். நான் ஒரு வாக்கியம் தொடங்கினேன், கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சொல்ல முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொள்கைக்காரருக்கு ஒரு கணக்கு. பெரும்பாலான உணவகங்களில் சர்வர் தன் டிப்ஸிலிருந்து மற்றவர்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். மேசை துடைப்பவருக்கு, மதுக்கூடத்தில் நிற்பவருக்கு, வாசலில் வரவேற்பவருக்கு. நான் வேலை செய்த இடத்தில் அந்தப் பங்கை வாங்கிய டிப்ஸை வைத்துக் கணக்கிடவில்லை. விற்பனையில் மூன்று சதவீதம் என்று வைத்திருந்தார்கள். 86 டாலர் பில்லுக்கு நீங்கள் ஒன்றும் வைக்காமல் எழுந்து போனால், நான் என் பையிலிருந்து 2.58 டாலர் எடுத்து வைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம் உங்களுக்குத் தண்ணீர் நிரப்பி, குழந்தை கொட்டியதைத் துடைத்து, கடைசியில் அதற்கு நானே காசு கொடுத்தேன் என்று ஆகிறது. உங்கள் கோபம் முதலாளி மேல். அவருக்கு அந்த 86 டாலர் சுளையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவருக்கு நீங்கள் கோபப்பட்டதே தெரியாது.

ஆகவே, சட்டம் இப்படி இருக்கும்வரை, 2.13 டாலர் மாநிலத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு டிப்ஸ் வைக்காமல் போவதை நான் எதிர்ப்பு என்று ஏற்க மாட்டேன். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அதே சமயம், டிப்ஸ் முறை நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. அதை அடியோடு வெறுக்கிறேன். டிப்ஸை வாங்கிப் பிழைத்தவள் என்பதால்தான் வெறுக்கிறேன்.

அந்த 2.13 எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது. 1938-இல் அமெரிக்காவில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது உணவகத் தொழிலாளர்களை அதில் சேர்க்கவே இல்லை. 1966-இல் திருத்தம் செய்து சேர்த்தார்கள். சேர்த்த கையோடு, டிப்ஸ் வாங்குபவருக்கு முதலாளி பாதிக் கூலி தந்தால் போதும், மறுபாதியை டிப்ஸில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் வைத்தார்கள். இதற்கு டிப் கிரெடிட் என்று பெயர். 1991-இல் குறைந்தபட்சக் கூலி 4.25 டாலர் ஆனது. அதில் பாதிதான் 2.13. ஐந்து ஆண்டு கழித்து, 1996-இல், குறைந்தபட்சக் கூலியை உயர்த்தும் சட்டம் வந்தபோது அந்தப் பாதிக் கணக்கை அறுத்துவிட்டார்கள். குறைந்தபட்சக் கூலி எவ்வளவு ஏறினாலும் சர்வரின் கூலி 2.13-லேயே நிற்கலாம் என்று ஆனது. உணவக முதலாளிகளின் தேசியச் சங்கம் இதற்காகக் கடுமையாகப் பாடுபட்டது. பின்னாளில் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நிற்க முயன்ற ஹெர்மன் கெய்ன் அப்போது அந்தச் சங்கத்தை வழிநடத்தியவர்.

பொதுக் கூலி 2009-இல் 7.25 டாலர் ஆனது. சர்வரின் கூலி 1991-இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 1991-இல் பிறந்த குழந்தைக்கு இன்று குழந்தை பிறந்திருக்கும்.

டிப்ஸும் கூலியும் சேர்ந்து மணிக்கு 7.25 வராவிட்டால் மீதியை முதலாளி போட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. விருந்துகளில் இந்த விதியை யாராவது ஒருவர் எடுத்துக் காட்டுவார். காகிதத்தில் அது நல்ல விதி. 2013 டிசம்பர் முதல் வாரத்தில் டாலஸ் முழுக்கப் பனிக்கட்டி மழை பெய்தது. சாலையெல்லாம் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. உணவகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் யார் வருவார்கள்? ஒரு மாலை முழுவதும் எனக்கு இரண்டே மேசைகள். வந்த டிப்ஸ் 11 டாலர். காத்திருந்த நேரத்தில் முள்கரண்டியையும் கத்தியையும் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தேன். முந்நூறு சுருட்டியிருப்பேன். அதற்கும் மணிக்கு 2.13 தான்.

வேலை முடிந்து கணினியில் நேரத்தைப் பதியும்போது அன்றைய டிப்ஸ் எவ்வளவு என்று கேட்கும். 11 என்று போட்டேன். மேலாளர் பின்னால் வந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "இதைப் பார்த்தால் மேலே இருப்பவர்கள் நீ சரியாகப் பரிமாறுவதில்லை என்று நினைப்பார்கள். கொஞ்சம் சரிப்படுத்திப் போடு" என்றார். சரிப்படுத்துவது என்றால், மணிக்கு 7.25 வருகிற மாதிரி, கிடைக்காத டிப்ஸைக் கிடைத்ததாகக் காட்டுவது. நான் 11-ஐ அழித்துவிட்டு 34 என்று போட்டேன். கிடைக்காத 23 டாலருக்கும் சேர்த்து வரி கட்டினேன். எனக்கு மறுநாளும் வேலை வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை இரவு, சன்னலோரத்து நல்ல மேசைகள் யாருக்கு என்பதை முடிவு செய்கிறவர் அவர்தான்.

ஆனாலும் என்னை மிகவும் உறுத்துவது அந்த 23 டாலர் அல்ல.

பதினான்காம் எண் மேசைக்கு வியாழக்கிழமை தோறும் ஒருவர் வருவார். அறுபது வயதிருக்கும். தனியாக வந்து உட்காருவார். பில் அறுபது டாலர் வந்தால் நூறாக வைத்துவிட்டுப் போவார். அதனால் அவரை எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு கவனிப்பார்கள். ஒரு வியாழன் அவர் என் பங்குக்கு வந்தார். குளிர்ந்த தேநீரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பலமாகப் பிடிக்கவில்லை. கட்டைவிரலால் என் வளையலை நகர்த்திப் பார்த்து, "இது தங்கமா?" என்றார். "ஆமாம்" என்றேன். "உன் கணவன் அதிர்ஷ்டசாலி" என்றார். விடவில்லை. இன்னொரு கையால் சாப்பாட்டுப் பட்டியலைப் புரட்டிக்கொண்டே, அன்றைக்கு எது நன்றாக இருக்கும் என்று கேட்டார். நான் சொன்னேன். சூப்பிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவ்வளவு நேரமும் என் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது. அவ்வளவு நேரமும் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிரிப்புதான் இன்றைக்கும் எனக்கு ஆறாமல் இருக்கிறது. பயத்தில் சிரிக்கவில்லை. அவர் என்னை ஒன்றும் செய்துவிட முடியாது. சுற்றிலும் ஐம்பது பேர் இருந்தார்கள். மேலாளர் மதுக்கூடத்தருகே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கையை இழுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த நேரம் என் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. இழுத்தால் பத்து டாலர். இழுக்காவிட்டால் நாற்பது. காரில் பெட்ரோல் இல்லை. நான் இழுக்கவில்லை. நாற்பது டாலர் வைத்தார். திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டேன்.

பிறகு மேலாளரிடம் சொன்னேன். அவர் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்: "ஆனால் அவர் நன்றாகத் தருபவர் ஆயிற்றே?"

டிப்ஸ் பற்றிய விவாதம் எப்போதும் கொடுப்பவரின் பக்கத்திலிருந்தே நடக்கிறது. பதினைந்தா, இருபதா? வரி சேர்த்த தொகையிலா, சேர்க்காததிலா? இதெல்லாம் பணம் வைப்பவரின் கவலை. வாங்குபவருக்கு உள்ளே நடப்பது வேறு. சம்பளம் தருகிறவரிடம் யாருக்கும் கொஞ்சம் பணிவு இருக்கும். அது எல்லா வேலையிலும் உள்ளதுதான். எனக்கோ ஒரே மாலையில் இருபது முதலாளிகள். அவர்கள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர், அவர்கள் மேல் புகார் கொடுக்க ஓர் அலுவலகம் இல்லை, காரணம் சொல்லாமலே சம்பளத்தைப் பாதியாக்கலாம். முகத்தைச் சுளிக்கும் உரிமையையும், "கையை எடுங்கள்" என்று சொல்லும் உரிமையையும் அடகு வைத்துத்தான் அந்த 2.13 டாலருக்கு மேலே உள்ள பணத்தை நான் சம்பாதித்தேன்.

இது என் ஒருத்தியின் நினைப்பு இல்லை. நல்ல சேவைக்குத்தான் டிப்ஸ் என்பதை ஆராய்ச்சியும் தாங்கிப் பிடிக்கவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல்லாண்டுகளாக டிப்ஸை மட்டுமே ஆராய்ந்தவர். சேவையின் தரத்துக்கும் டிப்ஸின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெலிதானது என்று காட்டியவர். பின் எது டிப்ஸைக் கூட்டுகிறது? மேசையருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணுக்கு நேராகப் பேசினால் கூடுகிறது என்று அவரும் இன்னொருவரும் 1993-இல் எழுதினார்கள். பணிப்பெண் வாடிக்கையாளரின் கையையோ தோளையோ லேசாகத் தொட்டால் கூடுகிறது என்று 1984-இல் ஓர் ஆய்வு. பில்லில் சிரித்த முகம் வரைந்தால் பெண்ணுக்குக் கூடுகிறது, ஆணுக்குக் கூடவில்லை என்று 1996-இல் இன்னோர் ஆய்வு.

இவற்றைப் படித்தபோது எனக்கு உடம்பு கூசியது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித் தந்தவை இவைதான். குத்துக்காலிட்டு உட்கார், பில்லில் சிரித்த முகம் வரை, பெயர் எழுதி நன்றி சொல். நானும் வரைந்தேன். ஒரு மாலைக்கு இருபது சிரித்த முகங்கள். ஆராய்ச்சி என்று தெரியாமலே அந்த மேலாளர்கள் அதன் முடிவுகளை எங்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சூப்பைச் சூடாகக் கொண்டுவருவது அந்தப் பயிற்சியில் ஒரே ஒரு வரிதான்.

தோலின் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. லின்னும் அவரோடு சேர்ந்தவர்களும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கறுப்பினச் சர்வர்களுக்கு வெள்ளையரான வாடிக்கையாளர்களும் கறுப்பின வாடிக்கையாளர்களும் ஒன்றுபோலவே குறைவாக டிப்ஸ் வைத்ததைக் கண்டார்கள். சேவையின் தரத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. ஒரு முதலாளி நிறம் பார்த்துச் சம்பளத்தைக் குறைத்தால் வழக்குப் போடலாம். இருநூறு வாடிக்கையாளர்கள் ஆளுக்கு இரண்டு டாலர் குறைத்தால் யார் மேல் போடுவது?

அமெரிக்காவில் டிப்ஸ் வேரூன்றிய கதையைத் தெரிந்துகொண்டால் இதில் வியப்பு எதுவும் இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐரோப்பாவுக்குப் போய்வந்த பணக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம் அது. பிரபுவும் பணியாளும் என்ற வாசனை வீசுகிறது என்று அமெரிக்கர்களே அப்போது முகம் சுளித்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலையானபோதுதான் முதலாளிகளுக்கு அது வசதியாகப்பட்டது. 1867-இல் தொடங்கிய புல்மன் நிறுவனம் ரயிலில் தூங்கும் பெட்டிகளை ஓட்டியது. விடுதலையான கறுப்பின ஆண்களைப் பெட்டிப் பணியாளர்களாக வேலைக்கு வைத்து, அற்பச் சம்பளம் கொடுத்து, மீதியைப் பயணிகளின் டிப்ஸில் தேடிக்கொள்ளச் சொன்னது. பயணிகள் அவர்கள் எல்லோரையும் "ஜார்ஜ்" என்றே கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் உரிமையாளர் பெயர் ஜார்ஜ் புல்மன். அடிமைக்கு எசமானின் பெயரை வைக்கும் பழைய வழக்கத்தின் மிச்சம் அது. ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் 1925-இல் அவர்களுக்குச் சங்கம் கட்டினார். நிறுவனம் உட்கார்ந்து ஒப்பந்தம் போட 1937 ஆனது. பன்னிரண்டு ஆண்டுகள்.

எனக்குப் பயிற்சி தந்த பெண் கறுப்பினத்தவர். நாற்பது வயது, தனியாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர். இந்தக் கதையை நான் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே அவருக்கு அது தெரியும். ஆனால் டிப்ஸை ஒழிக்க வேண்டும் என்று நான் ஒரு நாள் சொன்னபோது என்னைக் கடிந்துகொண்டவரும் அவர்தான். "நீ வெள்ளிக்கிழமை இரவு என்ன சம்பாதிக்கிறாய்?" என்றார். சில வெள்ளிகளில் 180 டாலர் வரும் என்றேன். "ஐந்து மணி நேரத்துக்கு. எந்த முதலாளி உனக்கு மணிக்கு 36 டாலர் தருவான்? ஒழித்துவிட்டுப் பதினைந்து தருவான். அதற்கும் நன்றி சொல்லச் சொல்வான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மதியங்களைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஆனால் அவருடைய வீட்டு வாடகையைக் கட்டியது வெள்ளிக்கிழமைகள்தான்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதைப் பின்னால் நடந்தவையும் காட்டின. மெய்ன் மாநிலத்தில் 2016-இல் மக்கள் வாக்களித்து டிப் கிரெடிட்டை நீக்கினார்கள். டிப்ஸ் குறைந்துவிடும் என்று பயந்த சர்வர்களே திரண்டு போய்க் கேட்டு, 2017-இல் அதைத் திரும்பக் கொண்டுவரச் செய்தார்கள். தலைநகர் வாஷிங்டனில் 2018-இல் வாக்கெடுப்பு வென்றது, அதே ஆண்டில் நகர மன்றம் அதை ரத்து செய்தது. 2022-இல் மக்கள் இன்னும் பெரிய பெரும்பான்மையில் மறுபடி வாக்களித்தார்கள். 2025-இல் மன்றம் மறுபடி கைவைத்து அதன் வேகத்தைக் குறைத்தது. மாசசூசெட்ஸில் 2024-இல் வாக்கெடுப்பே தோற்றது. நியூயார்க்கில் டானி மேயர் என்ற பெயர்பெற்ற உணவக முதலாளி 2015-இல் தன் உணவகங்களில் டிப்ஸை நிறுத்தி, விலையை ஏற்றி, சம்பளமாகவே கொடுத்துப் பார்த்தார். 2020-இல் அவரும் டிப்ஸுக்கே திரும்பினார். தனி ஒருவர் விலையை ஏற்றினால் பக்கத்து உணவகம் மலிவாகத் தெரியும். நன்றாகச் சம்பாதிக்கும் சர்வரும் அங்கேயே போய்விடுவார்.

ஆகவே டிப்ஸை ஒழி என்று நான் இப்போது கேட்பதில்லை. முழுக் கூலியை முதலில் கொடு என்கிறேன். அதற்கு மேல் யார் என்ன வைத்தாலும் வைக்கட்டும். இது வெறும் ஆசை இல்லை, நடக்கிற காரியம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரிகன், நெவாடா, மின்னசோட்டா, மொன்டானா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் சர்வருக்குத் தனிக் கூலி கிடையாது. எல்லோருக்கும் உள்ள குறைந்தபட்சக் கூலிதான், டிப்ஸ் அதற்கு மேல். அங்கெல்லாம் உணவகங்கள் மூடிக்கிடக்கவில்லை. மக்கள் டிப்ஸ் வைப்பதையும் நிறுத்திவிடவில்லை.

2015-இல் சியாட்டில் பக்கத்துப் பெல்வியூவில் நான் சேர்ந்தபோது வாஷிங்டன் மாநிலக் கூலி மணிக்கு 9.47 டாலர். பணக்காரக் கூலி என்று சொல்ல முடியாது. வாடகையை நினைத்தால் டாலஸை விட நெருக்கடிதான். ஆனால் முதல் சம்பளக் காசோலை வந்த அன்று, காரில் உட்கார்ந்து உறையைப் பிரித்து, பூஜ்யம் இல்லாத அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். (இதே வாஷிங்டன் மாநிலம் 1909-இல் டிப்ஸையே சட்டம் போட்டுத் தடை செய்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அயோவா, தென் கரோலினா, டென்னசி போன்ற சில மாநிலங்களும் தொடர்ந்து தடை போட்டன. யாரும் மதிக்கவில்லை. 1926-க்குள் எல்லாத் தடைகளும் போய்விட்டன.)

சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். எட்டு பேர் கொண்ட ஒரு கூட்டம், நல்ல குடி. தட்டுகளை எடுக்கப் போனபோது ஒருவன் என் இடுப்பில் கையைப் போட்டான். "கையை எடுங்கள்" என்றேன். நான் சொன்னேன் என்பதே எனக்குச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. மேசையில் பேச்சு நின்றது. எடுத்தான். டிப்ஸ் வைக்காமல் போனார்கள், 240 டாலர் பில். அன்றைக்கு எனக்கு அது நட்டம்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கான கூலி யார் தயவும் இல்லாமல் என் கணக்கில் ஏறிவிட்டிருந்தது. டாலஸில் எனக்குத் தைரியம் இல்லை, பெல்வியூவில் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். நான் அதே ஆள்தான். வித்தியாசம் மணிக்கு 7.34 டாலர்.

பிறந்தநாள் விருந்தில் கேட்ட திரை விவகாரத்துக்கு வருகிறேன். நின்றபடி வாங்கிப் போகும் கடைகளில் திரையைத் திருப்பி டிப்ஸ் கேட்பது எனக்கும் பிடிக்கவில்லை. அங்கே நிற்பவருக்குப் பெரும்பாலும் முழுக் கூலி உண்டு. அங்கே வைக்காமல் போவதில் எனக்கு மனச்சங்கடம் கிடையாது. அந்தத் திரை செய்த கெடுதல், எல்லா டிப்ஸும் ஒன்றுதான் என்று ஆக்கியது. திரை மேல் வந்த எரிச்சலை 2.13 டாலருக்கு நிற்பவரிடம் காட்டுகிறார்கள்.

டிப்ஸுக்கு வருமான வரி இல்லை என்ற புதிய சட்டம் வந்துவிட்டதே என்று அன்று யாரோ சொன்னார்கள். 2025 ஜூலையில் வந்தது. ஆண்டுக்கு 25,000 டாலர் வரையான டிப்ஸை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், 2028 வரை. கையில் நாலு காசு மிஞ்சுகிறவர்களுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் சமூகப் பாதுகாப்பு வரியும் மருத்துவக் காப்பீட்டு வரியும் அப்படியே பிடிக்கப்படும். வருமான வரி கட்டும் அளவுக்கே சம்பாதிக்காதவருக்கு இதில் ஒன்றும் இல்லை. அந்த 2.13-ஐ ஒரு சென்ட் கூட அது நகர்த்தவில்லை. வரியைக் குறைத்தது அரசு. முதலாளி ஒன்றும் தரவில்லை.

என் கணவரின் அண்ணன் மகள் டெக்சஸில் படிக்கிறாள். அங்கேயே பிறந்தவள். போன செப்டம்பரில் கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் சர்வராகச் சேர்ந்தாள். முதல் நாள் முடிந்ததும் எனக்குத்தான் தொலைபேசினாள். "சித்தி, மணிக்கு 2.13 தானாம். நீங்கள் வாங்கியதும் அதுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் நான்காம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது நான் வாங்கிய அதே கூலி.

சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். ஒரு நோட்டு வாங்கு. தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையில் வந்த டிப்ஸ், மற்றவர்களுக்குக் கொடுத்த பங்கு, நான்கையும் வீட்டுக்கு வந்ததும் எழுதிவிடு. கணினியில் உண்மையான எண்ணை மட்டும் போடு. யாராவது சரிப்படுத்தச் சொன்னால் அதையும் தேதியோடு எழுதி வை. வாரக் கணக்கில் 7.25 வராவிட்டால் மீதியைக் கேள், அது உன் பணம். நல்ல காலணி வாங்கிக்கொள், அதில் கஞ்சத்தனம் பார்க்காதே.

எல்லாவற்றுக்கும் "சரி சித்தி" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு சிலர் கையைப் பிடிக்கிறார்கள், சித்தி. டிப்ஸ் போய்விடும் என்று இங்கே எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். என்ன செய்வது?" என்றாள்.

"இழுத்துக்கொள்" என்றேன். "உடனே இழுத்துக்கொள். அன்றைக்கு எவ்வளவு குறைந்தது என்று அந்த நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. நான் போட்டுவிடுகிறேன்."

இதுவரை மூன்று முறை அனுப்பியிருக்கிறாள். 15 டாலர், 22 டாலர், 20 டாலர்.